மயில் போட்ட பை

ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு கொடுக்கும் டிரஸ்டுக்காக லாவண்யா வடிவமைத்திருந்த புதுப் பையை, டிரஸ்டின் தலைவர் ஹரிஷ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே தங்க நிறத்தில் மயில். கீழே ஒரு பட்டுப்புடவைக் கடையின் பெயர். அப்படியொரு கடை பெங்களூரில் இல்லை.

“நம்ம டிரஸ்ட் பேரு எங்கேம்மா?”

“உள்பக்கம், அடியில இருக்கு சார்.”

“நாம சாப்பாடு குடுக்கிறது நாலு பேருக்குத் தெரிய வேணாமா?”

“வாங்கறவங்களுக்குத் தெரிஞ்சா போதும் சார்.”

“இந்த டிசைனெல்லாம் எந்தக் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?”

“எங்கம்மா சார். நான் படிக்கிறப்ப உங்க அரிசியைப் புடவைக்கடைப் பையில போட்டுத்தான் ஜோகுபாளையத்துல எங்க தெருவுக்குள்ள எடுத்துட்டு வருவாங்க. மாசாமாசம் புடவை எடுக்கிறோம்னு எதிர்வீட்டு அக்கா இன்னிக்கும் எங்ககூட பேசறதில்ல.”