கல்யாணிக்கு ஓர் அறை

கதவின் வெளிப்பக்கம் புதிதாக இரண்டு தாழ்ப்பாள்கள் அடித்திருந்தார்கள். உள்பக்கம் ஒன்றுகூட இல்லை.

தாவீது ஏணியிலிருந்து இறங்கி அதையே பார்த்தான். மாமல்லபுரம் ஓட்டல்களில் ஏசி அறைகளுக்கு உள்சுவர் அடைப்பது அவன் தொழில். சுவரின் உள்பக்கம் சட்டம் அடித்து, இடையில் பஞ்சுப் பாளங்களைத் திணித்து, மேலே போர்டால் மூடிவிட்டால் வெயிலும் இறங்காது, சத்தமும் தாண்டாது.

செங்கல்பட்டில் இந்தப் பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்கிற சரோஜா, ஒரே ஓர் அறைக்கு மட்டும் அதைக் கேட்டிருந்தாள். அதுவும் வேப்பமர நிழலில் கிடக்கிற, வெயிலே எட்டிப் பார்க்காத வடக்கு அறைக்கு.

“ஒரு பொட்டு சத்தம் போவ வரக் கூடாது நைனா. தீவாளிக்கு முன்னாடி முடிச்சிடு” என்றாள்.

“இங்க யாரும்மா இருக்கப் போறாங்க?”

“எங்க கல்யாணிதான். இப்போ பொண்ணு வூட்ல கட்டிப் போட்டுகீறோம். போன வாரம் அறுத்துகினு ஓடிட்டா, லாரில அடிபட இருந்தா. டாக்டரு குடுத்த மாத்திரையயும் துப்பிடறா.”

“கட்டிப் போட்டா பாவம்மா...”

“இன்னா பண்றது? மூணே நாளு உள்ள வச்சிப் பூட்டிட்டா போதும்.”

அவனுடைய அக்கா ரெபேக்காளையும் கடப்பாக்கத்தில் புருஷன் வீட்டார் இப்படித்தான் பூட்டி வைத்தார்கள். அவள் அலறியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டதால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். இந்தச் சுவரை முழுசாக அடைத்துவிட்டால் கல்யாணி அலறுவது யாருக்குக் கேட்கும்? ஐயோ, அந்தப் பாவத்தில் என் கையும் இருக்குமே என்று நினைத்தான்.

வேலையை விட்டுப் போனால் வேறு ஆள் வந்து அடைத்துவிட்டுப் போவான். அதனால் சரோஜா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, தெருப்பக்கத்துப் பழைய வென்டிலேட்டர் ஓட்டையை மட்டும் அப்படியே விட்டான். பஞ்சு திணிக்கவில்லை, மேலே போர்டைப் பேருக்கு ஒட்டினான்.

தீபாவளிக்கு முதல் நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. டிரில்லிங் மெஷினை மறந்துவிட்டேன் என்று கேட்கிற சாக்கில் சாயங்காலமே கிளம்பிப் போனான். வென்டிலேட்டருக்கு அடியில், தெருவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

உள்ளே அழுகை. தீனமாக, விட்டு விட்டு வந்தது. கூடவே சரோஜாவின் குரல்: “சும்மா இருடி, சும்மா இரு!”

தாவீது வீட்டுக்குள் ஓடினான். அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். “அவள வுடும்மா! இப்பவே போலீசக் கூப்டுவேன்!”

தரையில் உட்கார்ந்திருந்த சரோஜா திகைத்து நிமிர்ந்தாள். அவள் முந்தானைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, வாலைக் காலிடுக்கில் செருகி, உடம்பெல்லாம் வெடவெடக்கக் கிடந்தது ஒரு செவலை நாய்.

தெருவில் யாரோ சரம் கொளுத்தினார்கள். கல்யாணி ஊளையிட்டபடி எழுந்து ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

“வேடந்தாங்கல்ல பொறந்து வளந்தவ நைனா. பறவைங்க பயந்துடும்னு அங்க யாரும் வெடியே வெடிக்க மாட்டாங்க. நெலத்த வித்துட்டு இங்க இட்டாந்து இவள சாவடிக்கிறோம்” என்று சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுவரைச் சுற்றிலும் பார்த்தாள்.

“நீ நல்லாத்தான அடைச்ச, எங்கேருந்து நைனா சத்தம் உள்ள வருது?”