இரண்டாவது மாடம்

மகளின் முகத்தில் வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு நின்றார் பெத்தணன். கட்டடக்கலை படித்த யோகலட்சுமி, மண்மேட்டின் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆமத்தூர்க் காட்டில், பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் தரைமட்டமாகிப்போன குடும்பக் கோயில் அது. அதே இடத்தில் சிலையில்லாத, மணியோசையில்லாத ஓர் அருங்காட்சியகத்தை அவள் வரைந்திருந்தாள். ஒரே அறை, மேலிருந்து இறங்கும் கொஞ்சம் வெளிச்சம், சுவரில் ஒரு வெற்று மாடம். எதிரே உட்கார்ந்து பொன்மணியை நினைக்கலாம்.

பொன்மணி, பல தலைமுறைக்கு முன் பெத்தணன் வீட்டில் பிறந்த பெண்தான். வேற்றுச் சாதிக்காரனை விரும்பினாள் என்று அண்ணன்மாரே கிணற்றில் தள்ளினார்கள். பிறகு வீட்டுப் பிள்ளைகள் வரிசையாகச் சாக, பயந்துபோய் அவளைச் சாமியாக்கி, இந்தக் கோயிலைக் கட்டிக் கும்பிட்டார்கள்.

"கொன்னது நாமதான்னு சுவத்துல எழுதட்டுமாப்பா?"

"எழுது தாயி. ஒன் ஆசையில ஒண்ணும் கொறை வைக்கக் கூடாது."

யோகலட்சுமி, கிறிஸ்தவனான ஜெயசுந்தரைத்தான் கட்டுவேன் என்று சொன்ன அன்று, வேதக்காரப் பையனா என்று வீடே கொதித்தது. அப்பா மட்டும் கத்தவில்லை. "மொதல்ல கோயில் வேலைய முடி, பெறகு பாப்போம்" என்றார். இந்த அறைக்குள் ஒருமுறை உட்கார்ந்தால் அவர் மனம் முழுசாகக் கரைந்துவிடும் என்று நம்பித்தான் அவள் ஒவ்வொரு கோடும் போட்டாள்.

"மாடத்த ரெண்டா வச்சிரு."

"எதுக்குப்பா? பொன்மணி ஒருத்திதான?"

"ரெண்டு வேணும்."

அவளுக்குச் சட்டென்று கண் கலங்கியது. "அவ விரும்புன பையனுக்காப்பா? அவனையும் கும்பிடப் போறீகளா?"

பெத்தணன், காரில் சாய்ந்து நின்ற மகன் அழகுராஜாவைப் பார்த்தார். அவன் தலை குனிந்துகொண்டான்.

"நம்ம முன்னோருக எதுல தப்பு விட்டாக தெரியுமா? அவ போயி எம்புட்டோ காலம் கழிச்சு, பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்துட்டு, அதுக்கப்புறம் கோயில் கட்டுனாக. முந்தியே கட்டியிருக்கணும்."

"முந்தியேவா? அப்ப ரெண்டாவது மாடம் யாருக்கு?"

அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை அவர் துண்டால் மெல்லத் துடைத்துவிட்டார்.

"ஒனக்குத்தான் தாயி."