மேசையடியில் ஒரு கை

பிரஸ்ஸல்ஸில் மழை. சால்மன் மீனை தெர்மாகோல் பெட்டியில் அனுப்பக் கூடாது என்கிறது புதிய வரைவு விதி. நார்வே ஆலைகளுக்கு இரண்டு வருட அவகாசம் கேட்டுக் காலையெல்லாம் பேசிய குன்வோருக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. வாக்கெடுப்பு என்றதும் மேசையைச் சுற்றிக் கைகள் எழுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராமல் அதன் சந்தையில் மட்டும் சேர்ந்த நாடுகள் பேசலாம், வாக்களிக்க முடியாது; விதி மட்டும் அவற்றையும் கட்டும். அவள் ஆறிப்போன காப்பியைச் சும்மா கலக்குகிறாள். அவளைப் போலவே வாக்கில்லாத ஐஸ்லாந்துக்காரர் ஸ்டெய்னார் குனிந்து, "கையை மேசைக்கடியில வச்சுக்கம்மா, தப்பித் தவறித் தூக்கிடப்போற," என்கிறார். "இருபது வருஷமா அங்கதான் இருக்கு, மரத்தே போச்சு," என்கிறாள் அவள். விதி நிறைவேறுகிறது. கூட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலில் அவளைத்தான் பார்க்கிறார். "உங்க நாட்டுல எப்ப நடைமுறைக்கு வரும்?" குன்வோர் கரண்டியைக் கீழே வைக்கிறாள். "வழக்கம்போல, உங்க எல்லாருக்கும் முன்னாடி."