புருஷனை ‘சார்’ என்றவள்

இந்தக் காலத்தில் தும்மினால்கூட வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்து, ஒரு பை மாத்திரையைக் கையில் திணித்துவிடுகிறார்கள். ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவன் நான். தலையில் அடிபட்ட எத்தனையோ கிளீனர்களைப் பார்த்திருக்கிறேன். எவனும் பெண்டாட்டியை மறந்ததில்லை. மறந்து தொலையமாட்டேன் என்கிறதே என்று புலம்பினவன்தான் உண்டு.

என் மகளோ, எதிரே உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்து, “சார், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றாள்.

“பாத்தீங்களா மாமா? இதான் நிலைமை” என்றார் மருமகன்.

நான் விரலை ஊதிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு வாசல் கம்பிக்கதவு நசுக்கிய விரல். நான் அதோடு மல்லுக்கட்டியதை உள்ளே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, “வெளியாளுக்கு அது வசப்படாது மாமா. மேல தூக்கி, முழங்காலால ஒரு இடி இடிக்கணும்” என்று சிரித்தபடிதான் வந்து திறந்தார். கதவைச் சரிசெய்ய ஓர் ஆளைக் கூப்பிட மாட்டாராம். அதிலும் ஒரு பெருமை.

மாடிப்படியில் தவறி விழுந்தாளாம். கல்யாணத்துக்கு முந்தியதெல்லாம் பத்திரமாக இருக்கிறது, என்னையும் தெரிகிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரை நானே பிடித்துக் கேட்டேன். “பழசு முதல்ல திரும்பும் பெரியவரே. அடிபட்டதுக்குக் கிட்டத்துல நடந்தது கடைசியாத்தான் வரும். சிலருக்கு அந்தத் துண்டு வராமலே போயிடும்” என்றார்.

“எப்ப வரும்?”

“சொல்ல முடியாது.”

“ஸ்கேன்ல என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல.”

ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் சொல்லவும் முடியவில்லை. நோயின் பெயர் மட்டும் தெரிகிறது! பழகின இடத்தில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று வேறு சொல்லி அனுப்பினார். எது பழகின இடம் என்பதில்தான் எனக்கும் மருமகனுக்கும் இழுபறி.

“இங்க இருந்தாதான் மாமா ஞாபகம் வரும். இப்பப் பாருங்க” என்று கல்யாண ஆல்பத்தை அவள் மடியில் போட்டார் மருமகன். “இது யாரு சொல்லு?”

அவள் குனிந்து பார்த்தாள். “பொண்ணு லட்சணமா இருக்காங்க. உங்க சம்சாரமா சார்?”

அவர் முகம் சிவந்தது. அவளை எழுந்து போய் டீ போடச் சொன்னார். பாவம், அந்தச் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்காக ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினாள். வாசலை மறித்துக்கொண்டு நின்ற மருமகன், அவள் கை எங்கே போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எலிப்பொறி வைத்தவன் அப்படித்தான் பார்ப்பான்.

கை கழுவப் போனபோதுதான் அவள் படுக்கும் உள்ளறையைப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. கதவின் வெளிப்பக்கம் ஒரு கொண்டி, அதில் பூட்டு.

“இது எதுக்கு மாப்பிள்ளை?”

“புத்தி நிதானத்துல இல்லாதவ, ரோட்டுக்கு ஓடிட்டா? ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் மாட்டினேன். அதுலருந்து உள்ளேயேதான் இருக்கா. நீங்க வந்தீங்களேன்னு இன்னைக்குத்தான் வெளிய விட்டேன்.”

கொண்டியைத் தடவிப் பார்த்தேன். திருகாணிகளில் துரு கெட்டித்துப்போய், சுற்றியிருந்த பெயிண்டையும் தின்றிருந்தது. அவள் விழுந்து ஒரு மாதம்தான் ஆகிறது. லாரிக்காரனுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

திரும்பி வந்து, “கிளம்பும்மா” என்றேன்.

“அதெப்படி மாமா? என் பொண்டாட்டி.”

“சார், கோவிச்சுக்காதீங்க” என்றாள் மகள். “நீங்க நல்லவராவே இருக்கலாம். முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை வீட்டுல நான் எப்படி இருக்கிறது?”

“ஞாபகம் வந்ததும் நானே கொண்டாந்து விடுறேன் மாப்பிள்ளை” என்றேன். “போன தடவை அழுதுகிட்டு வந்தப்போ, மறுநாளே கொண்டாந்து விட்டேனா இல்லையா?”

அது அவருக்குப் பிடித்தது. “உங்க வார்த்தைக்காகத்தான் மாமா. இருங்க, மாத்திரை எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே போனார்.

நான் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள், அவள் பையை இடுக்கிக்கொண்டு முன்னால் போய், கம்பிக்கதவைத் திறந்து வெளியே நின்றாள். மருமகன் ஓட்டமாக வந்து மாத்திரைப் பொட்டலத்தை என் சட்டைப்பையில் செருகினார். “வேளை தவறாமக் குடுங்க மாமா. அப்பத்தான் ஞாபகம் சீக்கிரம் வரும்.” சிரித்தார். கண் மட்டும் அவள்மேல் இருந்தது.

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தோம். அவள் திரும்பியே பார்க்கவில்லை. வராமலே போகலாம் என்று டாக்டர் சொன்னதை நான் அப்போதும் நம்பவில்லை. லாரியிலிருந்து மூட்டை விழுந்தால் வழியில் எங்கேயாவது கிடக்கத்தானே வேண்டும்?

தெருமுனை திரும்பியதும் பொட்டலத்தைச் சாக்கடையில் எறிந்தேன். “ஞாபகம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இனிமே நீ அங்க போகவேண்டாம்மா.”

அவள் நின்றாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அப்பா, நான் கதவைத் தூக்கி இடிச்சதை அவர் பாத்துட்டாரா?”