கீழ்க் கீலின் விரிசல்

ஒரு பழைய காரில் ஓட்டுநர் பக்கத்துக் கதவை இரண்டு கீல்கள் தாங்கி வந்தன. மேல் கீலுக்கு உடம்பெல்லாம் துரு. கதவு திறக்கும்போதெல்லாம் அது ஊரைக் கூட்டும். கீழ்க் கீல் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

சத்தம் பொறுக்காமல் காரின் சொந்தக்காரர் ஞானசெல்வம் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் மரியதாஸ் துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டதும் மேல் கீலுக்கு வலி நின்றது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அது நிம்மதியாக மூச்சு விட்டது.

"வேற ஏதாவது சத்தம் வருதான்னு பார்ப்போம்" என்று மரியதாஸ் கதவை ஆட்டினார்.

அப்போது கீழ்க் கீல் மெல்லச் சொன்னது: "அண்ணே, எனக்கு உள்ளே விரிசல் விட்டிருக்கு. கத்திப் பழக்கமில்லை. எனக்காக ஒரே ஒரு தடவை கத்துங்க. அவர் குனிஞ்சு பார்ப்பார்."

மேல் கீல் தயங்கியது.

"இப்பத்தான் எனக்குச் சரியாயிருக்கு தம்பி. மறுபடி கத்தினா என்னைக் கழட்டிப் போட்டுடுவாங்க. இத்தனை நாள் தாங்கினவன், இன்னும் கொஞ்சம் தாங்கு."

மரியதாஸ் கதவைச் சாத்தினார். கார் கிளம்பியது.

நாலாம் நாள், சந்தை வாசலில் ஞானசெல்வம் கதவைத் திறந்தபோது கீழ்க் கீல் இரண்டாக உடைந்து தரையில் விழுந்தது. கதவு மொத்தமும் சரிந்து மேல் கீலின்மேல் தொங்கியது. அந்தக் கதவு இவ்வளவு கனம் என்பது அதற்கு அன்றுதான் தெரிந்தது.

"தம்பி! கொஞ்சம் பிடிச்சுக்கோ, தம்பி!" என்று அது அலறியது.

கீழேயிருந்து பதில் வரவில்லை.