ராஜா முத்திரை

“என் தோட்டத்து மரத்த நான் வெட்டக் கூடாதா அண்ணே?”

கைக்குழந்தையோடு வந்து நின்ற விதவை தொமென்சாவை ஒச்சோவா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேபா துறைமுகத்துக்கு அவர்தான் வன அதிகாரி.

“அது ராஜா முத்திரை குத்தின ஓக் மரம். கப்பலுக்குன்னு ஒதுக்கினது. கோடாலி பட்டா உன்னைப் பிடிச்சு உள்ள போடணும்.”

“புயல்ல கூரை உத்தரம் முறிஞ்சு போச்சு. குளிர்காலம் வருது. பிள்ளைய எங்க படுக்க வைப்பேன்?”

“சட்டம் சட்டம்தாம்மா. போ.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பக்கத்தில் நின்ற கப்பல்காரர் ஃபோர்தூனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பழைய கோபம் வேறு. தன் கப்பலை அவர் பிரெஞ்சு வியாபாரிக்கு விற்கப் போனபோது, அந்நியருக்குக் கப்பல் விற்கக் கூடாது என்ற ராஜா கட்டளையைக் காட்டி மடக்கியவர் இதே ஒச்சோவாதான்.

“கப்பலையும் விக்க விடமாட்ட. கூரைக்கு ஒரு மரமும் தரமாட்ட. நீயெல்லாம் மனுஷனாய்யா?”

ஒச்சோவா வீட்டைப் பார்க்க நடந்தார்.

ஞாயிறு பூசைக்கு ஊரே போயிருந்தது, ஒச்சோவாவைத் தவிர. திரும்பி வந்தால், தொமென்சா வாசலில் நீளமாக ஓர் ஓக் உத்தரம் கிடந்தது. மாட்டுவண்டித் தடம் ஒச்சோவா வீட்டுப் பக்கம் போயிற்று.

ஃபோர்தூன் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்.

“நல்லா காஞ்ச மரம். கப்பல் பட்டறைக் கிடங்குச் சரக்குதான். ஊருக்கெல்லாம் சட்டம் பேசிட்டு, ராஜா சொத்துலயே கை வச்சிருக்கான்.”

“விட்டுடுங்கண்ணே” என்றாள் தொமென்சா. “எனக்கு இந்த மரமே வேண்டாம். அவரு மாட்டிக்கக் கூடாது.”

“என் கப்பல் மட்டும் துறையில கிடக்கணுமா? இன்னிக்கு அவனக் கையும் களவுமா பிடிக்கிறேன்.”

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். தொமென்சா பின்னாலேயே ஓடினாள்.

ஒச்சோவா வீட்டில் இல்லை. கூடம் முழுக்க ஆப்பிள் குவிந்து கிடந்தது. அவர் மனைவி கிராசியா அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா உன் புருஷன்?”

“தொமென்சா வீட்டுக் கூரைக்குத் தச்சனக் கூப்பிடப் போயிருக்காரு.”

“அது இருக்கட்டும். ஊரெல்லாம் ஆப்பிள் மது பிழிஞ்சு முடிச்சாச்சு. நீங்க ஏன் அழுக விட்டிருக்கீங்க?”

நடுக்கூடத்தில் வெறுமனே நின்ற இரண்டு தூண்களைக் கிராசியா காட்டினாள்.

“ஆப்பிள அழுத்துற எங்க செக்கு உத்தரத்தத்தான் கழட்டிக் கொண்டுபோய் அவ வாசல்ல போட்டுட்டாரே. எதுல பிழியறது?”

ஃபோர்தூன் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒரு கூடையை இழுத்து வைத்து ஆப்பிளை அள்ளிப் போட ஆரம்பித்தார்.

“எங்க வீட்டுச் செக்கு சும்மாதான் கிடக்கு, தங்கச்சி.”