படக்காரியின் குப்பி

"என்ன படக்காரி, உன் செல்கள் எப்படி இருக்கு?" என்று பேராசிரியர் கேட்டதும் அந்த ஆய்வு மாணவிக்கு அழுகை முட்டியது. செயற்கைத் தோல் ஆய்வுக்காக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த செல்கள்.

"செத்துப்போச்சு சார். மூணு நாளா செல் வளர்ற திரவம் ரோஸ் கலராவே இருக்கு. உயிரோட இருந்தா மஞ்சளாகியிருக்கணும். மைக்ராஸ்கோப்லயும் ஒண்ணும் தெரியலை."

"ஆராய்ச்சியா, படம் வரையறதா, ஒண்ணைப் பிடின்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? கண்காட்சி, போஸ்டர்னு ஓடினே!"

"ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னு ஆசை சார்."

"அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நீ இனி முதல்லேருந்து ஆரம்பி. குப்பியை எடு."

அவள் வளர்ப்புப் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் திட்டித் தீர்ப்பதற்குள் மூடியைச் சுற்றி எறும்புகள் வரிசை கட்டிவிட்டன.

"ஏம்மா, உன் செல்லைத் தேடி எறும்பு வருமா?"

அவள் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். கண்காட்சி மேசைக்கென்று சர்க்கரைப் பாகில் சாயம் கலந்து, அச்சு அசலாக ஒரு மாதிரிக் குப்பியும் அவளே செய்திருந்தாள். "ஐயோ சார், இது சர்க்கரைப் பாகு! அப்போ கண்காட்சியில கொண்டுபோய் வெச்சது நிஜக் குப்பியா?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். "சரி, பயப்படாதே. அங்கே ஆடாம அசையாம இருந்திருந்தா கொஞ்சமாவது பிழைச்சிருக்கும்."

அவளுக்கோ, கண்காட்சியில் குப்பிக்குப் பக்கத்தில் தன் கைப்பட அழகாக எழுதி வைத்த அட்டை கண்முன் வந்தது: 'வெறும் சர்க்கரைப் பாகுதான்! தைரியமாகக் குலுக்கிப் பாருங்கள்!'